உடையாத துண்டு

பக்கத்து ஃப்ளாட் பையன் மெக்கானிக்கல் மூன்றாவது வருஷம் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரலாம் என்று நான் பாயை விரிக்கும்போதுதான் அவனுக்குச் சந்தேகங்கள் வரும். போன வாரமும் வந்தான்.

“அங்கிள், ஜப்பான் வாள் இருக்கே... அதுக்கு எந்த ஸ்டீல் கரெக்ட்?”

முதல் நாள் ராத்திரி ஏதோ சாமுராய் படம் பார்த்திருக்கிறான். கேள்வியோடு பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தான். இந்தத் தலைமுறை நம்மைக் கேள்வி கேட்பது தெரிந்துகொள்வதற்காக இல்லை, சரிபார்ப்பதற்காக! 1060, 1095, 5160 என்று நம்பர்களாக அடுக்கினான். கடைசி இரண்டு இலக்கங்கள் கார்பன் அளவாம். 1060 என்றால் நூற்றுக்கு சுமார் 0.6 பங்கு கார்பன். 1095 என்றால் சுமார் 0.95. 5160 என்பது ஸ்பிரிங் ஸ்டீல். லாரிக்கு அடியில் பட்டை பட்டையாக வளைந்து இருக்குமே, அந்த வகை.

“பழைய ஜப்பான் இரும்பெல்லாம் இதுக்கு முன்னால நிக்கவே முடியாது அங்கிள். சும்மா பில்டப்!”

அவன் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. இன்றைய ஆலையில் வருகிற எஃகு சுத்தமானது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீரானது. பழைய ஜப்பானியக் கொல்லனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவனுக்குக் கிடைத்தது கறுப்பு மணல்.

ஆமாம், மணல்தான். நல்ல இரும்புத்தாது அந்த நாட்டில் குறைவு. மலைச்சரிவிலும் ஆற்றுப்படுகையிலும் கிடைக்கிற இரும்பு மணலைச் சலித்து எடுத்து, களிமண்ணால் தொட்டி மாதிரி கட்டிய உலையில் மரக்கரியோடு மாற்றி மாற்றிக் கொட்டி எரிப்பார்கள். ‘தத்தரா’ என்று அந்த உலைக்குப் பெயர். மூன்று பகல், மூன்று இரவு அணையாமல் எரிய வேண்டும். தலைமைக் கொல்லர் தீயின் நிறத்தைப் பார்த்தே உள்ளே நடப்பதைக் கணிப்பார். முடிந்ததும் உலையை உடைத்துவிட்டு, அடியில் உறைந்து கிடக்கிற ராட்சசக் கட்டியை வெளியே இழுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் புது உலை.

ஷிமானே மாநிலத்தில் ஒகுயிசுமோ என்கிற மலையூரில் 1977-ல் இந்தப் பழைய உலையை மறுபடி மூட்டினார்கள். கலை வாள்களைப் பாதுகாக்கும் சங்கத்தினர் செய்த ஏற்பாடு. குளிர்காலத்தில் மட்டும் எரிகிறது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 10 டன் மணல், 12 டன் கரி போட்டால் இரண்டரை டன் கட்டி கிடைக்கும். அதிலும் வாளுக்கு உகந்த முதல் தர எஃகு ஒரு டன்கூடத் தேறாது. அந்த எஃகுக்குத்தான் ‘தமஹகனே’ என்று பெயர்.

“இவ்வளவு கஷ்டப்பட்டும் ஒரே மாதிரி வராதா அங்கிள்?”

வராது. ஒரே கட்டியில் ஒரு பக்கம் கார்பன் கூடுதல், இன்னொரு பக்கம் குறைவு. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி. அதனால் வாள் செய்கிறவனின் முதல் வேலையே பிரிப்பதுதான். சம்மட்டிக்கு முன்னால் கண்ணுக்கு வேலை.

எப்படிப் பிரிக்கிறான் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் சொல்ல வந்த விஷயம் அங்கேதான் இருக்கிறது.

எஃகுத் துண்டைக் காய்ச்சி, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தகடாகத் தட்டி, சட்டென்று தண்ணீரில் போடுகிறான். பிறகு சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கார்பன் கூடுதலாக இருக்கிற துண்டு பட்டென்று உடையும். உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்க்கிறான். பொடிப்பொடியாக, பளிச்சென்று இருந்தால் திருப்தி. அந்தத் துண்டு ஒரு குவியலுக்குப் போகிறது.

சில துண்டுகள் உடையாது. வளையும், நெளியும், சுத்தியலுக்கு டிமிக்கி கொடுக்கும். கார்பன் குறைவான மெத்தென்ற இரும்பு அது.

“அதைத் தூக்கிப் போட்டுருவான்” என்றான் பையன்.

நானும் முதல் தடவை படித்தபோது அப்படித்தான் நினைத்தேன். போடமாட்டான். உடையாத துண்டு இரண்டாவது குவியலுக்குப் போகிறது.

முதல் குவியல் வாளின் தோல். இரண்டாவது குவியல் வாளின் உள்ளீடு. உடைந்த துண்டுகளை அடுக்கி, ஈரக் காகிதத்தில் சுற்றி, வைக்கோல் சாம்பலும் களிமண் குழம்பும் பூசி, காய்ச்சி ஒன்றாக்கி, மடித்து மடித்து அடிக்கிறான். பத்துப் பதினைந்து தடவை மடிப்பான். பதினைந்து மடிப்பு என்றால் கணக்குப்படி 32,768 அடுக்கு. சினிமாவில் லட்சம் தடவை மடித்ததாகச் சொல்வதெல்லாம் கதை. மடிக்க மடிக்கக் கசடு நீங்கும், கார்பன் சீராகப் பரவும். கூடவே ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் கார்பன் எரிந்தும் போகும். இன்னும் நன்றாக வரட்டும் என்று ஆசைப்பட்டு மடித்துக்கொண்டே போனால், கடைசியில் கையில் மிஞ்சுவது கூர் நிற்காத வெறும் இரும்பு.

இப்படித் தயாரான கடினமான எஃகை வாய்க்கால் மாதிரி வளைத்து, நடுவில் மெத்தென்ற இரும்பை வைத்து மூடி அடிப்பது பலரும் செய்கிற முறை. ஒரே எஃகில் முழு வாளையும் செய்கிறவர்களும் உண்டு, நாலைந்து வகையைச் சேர்க்கிறவர்களும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே தலைவலிதான். கடினமானது கூர் நிற்கும், அடி விழுந்தால் உடையும். மென்மையானது உடையாது, கூர் நிற்காது. வாளுக்கு இரண்டும் வேண்டும்.

கடைசியில் தண்ணீரில் தோய்ப்பதற்கு முன்னால்கூட இதே கவலைதான். வாளின் முதுகில் களிமண்ணைக் கனமாகப் பூசுகிறான். கூர்ப்பக்கம் மெல்லியதாக. பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு, இரும்பின் சிவப்பைப் பார்த்து நேரம் கணித்துத் தண்ணீரில் இறக்குகிறான். கூர் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற குணத்தோடு நிற்கிறது. சில வாள்கள் அந்த நொடியில் விரிசல் விட்டுவிடும். பல நாள் உழைப்பு, ஒரு சின்னச் சத்தத்தில் போய்விடும்.

ஆக, ‘எது நல்ல எஃகு?’ என்று கேட்டால் அந்தக் கொல்லன் பதில் சொல்லமாட்டான். ‘எங்கே வைக்க?’ என்று திருப்பிக் கேட்பான்.

இதைப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேறொரு ஞாபகம் வந்து உறுத்தியது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கிற குழுவில் நானும் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் குழு. எங்கள் முறை எளிமையானது. வந்தவனை மூச்சுவிட நேரம் கொடுக்காமல் கேள்விகளால் தட்டுவது. பட்பட்டென்று பதில் வந்தால் பாஸ். அன்று ஒரு பையன் வந்தான். எந்தக் கேள்வி கேட்டாலும் கொஞ்ச நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு கேள்விக்கு, “இதை யோசிச்சு நாளைக்குச் சொல்லலாமா சார்?” என்றான். நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ஆமாம், நானும்தான். அவன் முகத்தைத் தொங்கவிடாமல், எழுந்து நாற்காலியைச் சரியாக உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

அதே அலுவலகத்தில், அதே மாடியில், வாடிக்கையாளர் புகார்களைப் பார்க்கிற பிரிவு ஒன்று இருந்தது. அங்கே எவனும் மூன்று மாதம் தாண்டியதில்லை. கோபமாக வருகிறவர் முன்னால் அமைதியாக உட்கார்ந்து, யோசித்து, மறுநாள் சரியான பதிலோடு வருகிற ஓர் ஆள் கிடைக்கமாட்டானா என்று அதன் மேலாளர் தினமும் புலம்புவார். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். இருந்தும் ஒருவருக்குக்கூட அந்தப் பையனையும் அந்த நாற்காலியையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அவன் பிறகு பெரிய ஆளாகி எங்கள் முன்னால் காரில் வந்து இறங்கினான் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் சுத்தியல் இருந்தது, முதல் குவியல் இருந்தது. இரண்டாவது குவியல் இல்லை. உடையாததெல்லாம் நேராகக் குப்பைக்கூடை.

பள்ளிக்கூடத்தில், வீட்டில், பெண் பார்க்கிற இடத்தில், நண்பர்களைச் சேர்ப்பதில்... நாம் தினமும் யாரையாவது தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தட்டுவதைக்கூடக் குற்றம் சொல்லமாட்டேன். தேர்ந்தெடுக்காமல் வாழ்க்கை நடக்காது. ஆனால் தேறாததை என்ன செய்கிறோம்? தேர்ந்தெடுக்கிறவனின் நேர்மையை அங்கேதான் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

பையன் விடவில்லை. கெட்டிக்காரன்.

“அப்போ அவனவன் அவனவனுக்குன்னு இருக்கிற இடத்துல இருக்கணும்னு சொல்றீங்களா அங்கிள்?”

சுருக்கென்றது. நம் ஊரில் இந்த வாக்கியத்துக்கு ஒரு நீண்ட, அசிங்கமான சரித்திரம் இருக்கிறது. ‘நீ அடியில் இருந்து தாங்கு, உன் பிறப்பு அப்படி’ என்று சொல்லியே கோடிக்கணக்கான பேரை நசுக்கியிருக்கிறோம். வாளை உதாரணம் காட்டி அதே பேச்சை நானும் பேசிவிடக் கூடாதே!

கொல்லன் அப்படிச் செய்வதில்லை என்பதுதான் எனக்கிருந்த ஆறுதல். அவன் துண்டின் பிறப்பைப் பார்ப்பதில்லை. ஒரே கட்டியில், பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு துண்டுகளைத் தனித்தனியாகக் காய்ச்சி, தனித்தனியாகத் தட்டிப் பார்க்கிறான். அதற்கு மேல் இன்னொன்றும் செய்கிறான். பழைய ஆணி, உடைந்த பாத்திரம், வாளுக்கு லாயக்கில்லை என்று எவரும் சொல்லக்கூடிய இரும்பு... இதையெல்லாம் கரி அடுப்பில் போட்டுப் பக்குவமாக எரித்து, கார்பனை ஏற்றியோ இறக்கியோ நல்ல எஃகாக மாற்றுகிற வித்தை ஒன்று உண்டு. ‘ஒரொஷிகனே’ என்பார்கள். அதாவது, மெத்தென்ற இரும்பு என்று முத்திரை குத்தப்பட்டது என்றைக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. கற்றுக்கொடுக்க அடுப்பும், கற்றுக்கொடுக்க ஆளும் இருந்தால் மாறும்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யசுத்சுகு என்று ஒரு கொல்லர் இருந்தார். நாட்டையே ஆண்ட தொகுகவா இயெயாசுவுக்கு வாள் செய்தவர். தன் பெயரில் உள்ள ஓர் எழுத்தையே ஆண்டவர் அவருக்குப் பரிசாகக் கொடுத்தார் என்றால் எவ்வளவு மரியாதை பாருங்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பியக் கப்பல்களில் வெளிநாட்டு இரும்பு ஜப்பானுக்கு வந்தது. அதில் இந்தியாவிலிருந்து போனதும் இருந்திருக்கலாம் என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு. ஜப்பானியர்கள் அதற்கு வைத்த பெயர் ‘நம்பன் தெத்சு’. தெற்கத்திக் காட்டுமிராண்டிகளின் இரும்பு என்று அர்த்தம்! யசுத்சுகு அதை வாங்கித் தன் வாளில் சேர்த்தார். சேர்த்துவிட்டு மறைக்கவில்லை. ‘நம்பன் இரும்பால் செய்தது’ என்று, கைப்பிடிக்குள் போகிற அடிப்பகுதியில் தன் பெயரோடு வெட்டி வைத்தார். பெயரில் இழிவு இருந்தது. கொல்லரின் கண்ணுக்கு இரும்பு மட்டும்தான் தெரிந்தது.

இவ்வளவு சொல்லியும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஏனென்றால் இரும்புக்கு வாய் கிடையாது. ‘உனக்கு உள்ளே இருக்கச் சம்மதமா?’ என்று கொல்லன் கேட்க வேண்டியதில்லை. மனுஷனைக் கேட்டாக வேண்டும். எத்தனை வீடுகளில் அம்மாவையோ, மூத்த அக்காவையோ கேட்காமலே உள்ளீடாக வைத்து மூடி அடித்திருக்கிறோம்! ‘அவதான் இந்த வீட்டைத் தாங்குறா’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டால் கடன் தீர்ந்துவிட்டது என்று நினைப்பு.

அதிலும் ஒரு வேதனையான விஷயம் உண்டு. வாளைத் தலைமுறை தலைமுறையாகச் சாணை தீட்டிப் பளபளப்பாக்கிக்கொண்டே வந்தால் மேல் எஃகு தேய்ந்து, ஒரு நாள் உள்ளே இருக்கிற மெத்தென்ற இரும்பு திட்டுத்திட்டாக வெளியே தெரியும். தெரிந்தால்? ‘வாள் களைத்துவிட்டது’ என்பார்கள் சேகரிப்பவர்கள். விலை இறங்கிவிடும். நூற்றாண்டுக் கணக்கில் உடையாமல் காப்பாற்றியது அது. முகம் காட்டினால் குறை!

வாள் வியாபாரத்தில் அது நியாயமாக இருக்கலாம். வீட்டிலும் அலுவலகத்திலும் நியாயம் இல்லை. உள்ளே வைக்கிறவன் மூன்று காரியம் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். முதலில் கேட்க வேண்டும். மாற விரும்பினால் அடுப்பு மூட்டிக் கொடுக்க வேண்டும். வெளியே தெரியும் நாளில் முகம் சுளிக்கக் கூடாது.

“அதெல்லாம் சரி அங்கிள்... கடைசியில அது ஆளைக் கொல்ற சாமான்தானே?”

இதுவும் நியாயமான கேள்வி. எங்கே வைப்பது என்பதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, எதற்கு என்பது.

ஒகுயிசுமோவில் 1977-ல் உலை மூட்டினார்கள் என்றேனே, அதே இடத்தில் 1933 முதல் 1945 வரை ஓர் உலை எரிந்தது. ராணுவ அதிகாரிகளின் வாள்களுக்காக. மிகச் சிறந்த எஃகு, மிகச் சிறந்த கைகள், போனது போருக்கு. அது போதாமல் ஆலை எஃகிலும் ஏராளமான வாள்கள் அவசரம் அவசரமாகத் தயாராயின. எஃகு சரியானதா என்று அந்த வாளுக்கு எதிரே நின்றவனிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? ஒகுயிசுமோ எஃகாக இருந்தால் என்ன, ஆலை எஃகாக இருந்தால் என்ன?

இன்று ஜப்பானியச் சட்டம் வேடிக்கையான ஒரு கோடு கிழித்திருக்கிறது. மரபு முறைப்படி அடித்த வாளைக் கலைப்பொருளாகப் பதிவு செய்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆலை எஃகில் செய்த ராணுவ வாள் வெறும் ஆயுதம், பதிவு கிடையாது. வாள் கொல்லர் ஆக வேண்டுமானால் பல வருஷம் குருவிடம் பயிற்சி, அரசுத் தேர்வு, அதற்கப்புறம் உரிமம். அதன் பிறகும் மாதத்துக்கு இரண்டு நீண்ட வாள்களுக்கு மேல் செய்யக் கூடாது. அவசரத்தில் எதையும் அடித்துத் தள்ளக் கூடாது என்பதற்காக.

யோசித்துப் பாருங்கள். 1876-லேயே வாளை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்கத் தடை போட்ட நாடு அது. இன்றைக்கு அங்கே அடிக்கிற வாள் யாரையும் வெட்டப் போவதில்லை. வெட்டாத வாளுக்கு ஏன் மூன்று ராத்திரி கண் விழித்து எஃகு காய்ச்ச வேண்டும்? பையன் சொன்ன 5160-ல் ஒன்று செய்தால் மலிவாகவும் உறுதியாகவும் இருக்குமே! இருக்கும். ஆனால் இன்று அவர்கள் காப்பாற்றுவது வெட்டுகிற திறமையை அல்ல. துண்டு துண்டாகத் தட்டி, பார்த்து, பிரித்து, எதையும் வீணாக்காமல் வைக்கிற அந்தக் கண்ணை. அதற்கு ஒரே சீரான ஆலை எஃகு உதவாது. அதில் பிரிக்க என்ன இருக்கிறது?

பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் தயங்கித் தயங்கி, “அப்போ நான் எந்த ஸ்டீல்ல வாங்கறது அங்கிள்?” என்றான்.

“எதுக்குடா வாங்கற?”

“சும்மா... ரூம் சுவத்துல மாட்டறதுக்கு.”

“அதுக்குத் தகரமே போதும். உங்க அப்பா காசு மிச்சம்.”

சிரித்துக்கொண்டே எழுந்தான். நான் பாயில் சாய்ந்தேன். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

“அங்கிள், அந்த உடையாத துண்டுக்கு அவங்க ஊர்ல ஏதாவது பேர் இருக்கா?”

“இருக்கு. வெளியில இருக்கிற எஃகு கவகனே. கவன்னா தோல். உள்ள வைக்கிறது ஷிங்கனே.”

“ஷின்னா?”

“இதயம்” என்றேன்.

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போன அந்தப் பையனின் பெயரை யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். ஞாபகம் வரவில்லை. நாங்கள் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.